டில்லி கேட்டாண்ட விட்ட குல்லா

மங்கி குல்லா போட்டுக்கொண்டு ஆற்காட்டுக்குப் போனவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உங்களில் வேறு யாராவது போயிருந்தால் கையைத் தூக்குங்கள், சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆற்காட்டு வெயில் எப்படிப்பட்டது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைக்காலத்தில்கூட இரண்டு நாள் வானம் வெளுத்தால் போதும், மண்டை காய்ந்துவிடும். அதில், கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு, கழுத்தில் வியர்வை ஒழுக, ஒரு பழைய கோட்டை வாசலுக்கு எதிரே நின்று நான் ஓவென்று அழுதிருக்கிறேன். அந்த அழுகையால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் கெட்டுப்போகப் பார்த்தது.

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் மூட்டு வலி, சர்க்கரை, பிள்ளைகள் போன் எடுக்காதது, இதைத்தானே பேசுகிறோம். இன்றைக்கு ஒரு நாள் அதை ஓரமாக வையுங்கள். மாத்திரை போட வேண்டியவர்கள் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். நடுவில் எழுந்து போனால் நான் திரும்பச் சொல்ல மாட்டேன்.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் இருந்த தெருவுக்கு அகலம் கம்மி, வாய் ஜாஸ்தி. ஒரு வீட்டில் தாளித்தால் எதிர்வீட்டில் தும்முவார்கள். தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் அதையும் மீறி யார் வீட்டில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பது அந்தத் தெருவின் காதில் விழுந்துவிடும். இப்போது யோசித்தால் அது எப்படி என்று எனக்கே புரியவில்லை.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. அப்பாவும் அத்தையும் ஒரே தறியில்தான் வேலை செய்தார்கள். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்த்து நெய்கிற புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். அப்பா தறிக்கு அடியில் வெட்டியிருக்கிற குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுவாள், அதாவது கரை நூல் சுற்றிய கட்டையை இழைகளுக்கு நடுவே ஓட்டுவாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அந்தக் குழியில் ஊற்றெடுத்துவிடும். அப்பா சொம்பால் மொண்டு மொண்டு பார்ப்பார், தீராது. குழிக்குள் ஒரு தவளை வந்து உட்கார்ந்துவிட்டால் அத்தை அதைக் காட்டி, "மொதலாளி வந்துட்டாருண்ணா, இனிமே நமக்கு லீவு" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். அடுத்து மூக்கிலிருந்து விக்கல் மாதிரி ஒன்று வரும். அதற்குள் யாராவது பேச்சை மாற்றிவிட்டால் பிழைத்தோம். இல்லாவிட்டால் மடை திறந்துவிடும், தெருக்கோடி வரைக்கும் கேட்கும். நிறுத்து என்று அதட்டினால் இன்னும் அதிகமாகும். எனக்கு அந்தச் சிரிப்பு உயிர். அதை வரவைப்பதற்கென்றே நான் பள்ளிக்கூடத்திலிருந்து கதை கட்டிக்கொண்டு வருவேன்.

ஆனால் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அத்தை தலையைக் குனிந்து தட்டோடு வரத்தான் வருவாள். வந்த கூட்டத்தில் யாராவது ஏதாவது செய்து தொலைப்பார்கள். ஒரு தடவை மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்த நாற்காலியில் பிரம்பு பொத்துக்கொண்டு, மனுஷர் பாதி உள்ளே இறங்கிவிட்டார். இன்னொரு தடவை மாப்பிள்ளையே மிளகாய் பஜ்ஜியைக் கடித்துவிட்டு, மரியாதைக்காகத் துப்பாமல், கண்ணில் தண்ணீர் வழிய என் அப்பாவிடம் நெசவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். நீங்களாக இருந்தால் சிரிக்காமல் இருந்திருப்பீர்களா? அத்தை சிரித்தாள். அவர்கள், "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா.

அதைவிடக் கொடுமை மறுநாள்தான். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக அரிசி கடன் கேட்கிற சாக்கில் வருவார்கள். "இன்னாமா, இந்த எடமும் தட்டிப் போச்சா?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். குரலில் துக்கம் இருக்கும், முகத்தில் இருக்காது. அவர்கள் போகும்வரை அத்தை சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். சிரிக்கிற மனுஷி அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல் நான் போய் அவள் முதுகில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன்.

ஆகவே அந்த மழைக்காலத்தில் அப்பாவும் அம்மாவும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது, நீங்கள் குழம்பாமல் இருக்க இப்போதே சொல்லிவிடுகிறேன். இனிமேல் வீட்டில் வைத்துப் பெண் காட்டுவது கிடையாது. ஆற்காட்டில் ஒரு வரன் இருந்தது. அவர்களும் நெசவுக் குடும்பம்தான், பையன் மட்டும் தறியில் உட்காராமல் ராணிப்பேட்டையில் ஃபிட்டராக இருந்தார். ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் நவாபு காலத்துக் கோட்டை ஒன்று இருந்து, எல்லாம் இடிந்து, ஒரே ஒரு வாசல் மட்டும் மிச்சம் நிற்கிறது. அதற்குப் பெயர் டில்லி கேட்டு. பாலாற்றில் அந்த வருஷம் தண்ணீர் வந்திருந்தது. பாலாற்றில் தண்ணீர் வந்தால் அதை வேடிக்கை பார்க்கச் சுற்றுப்பட்டு ஊர்களே போகும். நாங்களும் போவோம், அவர்களும் வருவார்கள், தற்செயலாகச் சந்தித்த மாதிரி சந்திப்போம். பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் தெருவுக்கே தெரியாது. முக்கியமாக அத்தைக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் பயத்திலேயே சிரித்துவிடுவாள் என்பது அம்மாவின் கணக்கு.

ஒரு மழை மத்தியானம், நான் பாயில் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். அம்மா தாழ்ந்த குரலில் அப்பாவிடம் பேசியது அரையும் குறையுமாகக் காதில் விழுந்தது. "டில்லி கேட்டு... வெள்ளிக்கெழம... எல்லாரும் போறோம். தெருவுக்குத் தெரியக் கூடாதுங்க."

தமிழில் 'கேட்டு' என்றால் என்ன? பள்ளிக்கூடத்துக் கதவும் கேட்டுதான், ஒன்றை வேண்டுமென்று கேட்பதும் கேட்டுதான். அந்த வருஷம் அப்பா நெய்த மாம்பழ நிறப் புடவை ஒன்றை நெசவாளர் சொசைட்டிக்காரர்கள் டில்லிப் பொருட்காட்சிக்கு அனுப்பியிருந்தார்கள். என் மூளை சும்மா இருக்குமா? டில்லிக்காரர்கள் புடவையைப் பார்த்துவிட்டு இதை நெய்தவர் யார், கூட்டி வாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். டில்லி கேட்டு, நாங்கள் போகிறோம். அவ்வளவுதான், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மழை விட்ட காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழைகளை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் வீட்டுக்கு ஒரு ஆள் நின்று அறுந்த இழையை முடிச்சுப் போடுவார்கள். நான் என் சிநேகிதியின் காதில் மட்டும்தான் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கினேன். நாங்கள் நின்றது பாவின் இந்த முனை. கொஞ்ச நேரத்தில் அந்த முனையிலிருந்து ஒரு பெரியம்மா, "டில்லிக்கா போறீங்க? அங்க ஸ்வெட்டர் சல்லிசாமே, எனக்கு ஒண்ணு வாங்கிக்கினு வாம்மா" என்று குரல் கொடுத்தாள்.

அப்புறம் பிடித்துக்கொண்டது. ஒருவர், பெரிய மந்திரியைப் பார்த்தால் நூல் விலை ஏறிப்போனதைச் சொல்லச் சொன்னார். இன்னொருவர், மந்திரி கிடைக்காவிட்டால் அவர் வீட்டு அம்மாவிடமாவது சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னை முதல் பெஞ்சுக்கு மாற்றினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

எதிர்வீட்டில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த மிலிட்டரி மாமா இருந்தார். எங்கள் தெருவில் டில்லியைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பாச்சை உருண்டை வாசனையோடு, பச்சை நிறக் கம்பளிக் குல்லா ஒன்றை எடுத்து வந்தார். இழுத்துவிட்டால் முகம் முழுக்க மூடிக்கொள்ளும், நடுவில் கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டும் ஒரு ஓட்டை. பனிமலையில் காவல் நின்றபோது போட்டிருந்ததாம்.

"இது என் உயிரக் காப்பாத்துன குல்லா. டில்லி குளிரு உனுக்குத் தெரியாது. பத்திரமா எடுத்தாந்து குடுக்கணும். எந்த ரயில்ல போறீங்க?" என்றார்.

"பஸ்ல" என்றேன். அம்மா அப்பாவிடம் பஸ் நேரம் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

"டில்லிக்கு பஸ்ஸா?" மிலிட்டரி மாமாவின் புருவம் மேலே போனது.

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அத்தை நிமிராமலே சொன்னாள். "பட்டணம் வரைக்கும் பஸ்ஸு மாமா. அதுக்கப்புறம் அண்ணனுக்குத்தான் தெரியும்."

அவர் தலையாட்டிவிட்டுக் குல்லாவைக் கொடுத்தார். அத்தையும் டில்லி என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது தெரு முழுக்க அவருக்கு வழியனுப்பு விழா நடத்தத் தயாராக இருந்தது. இல்லை, ஆற்காட்டுக்குத்தான் போகிறோம் என்று சொல்லலாம். ஆற்காட்டுக்கு எதற்கு, அதுவும் வெள்ளிக்கிழமையில், அதுவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு என்று கேட்பார்கள். ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். டில்லியென்றே இருக்கட்டும் என்று அப்பா விட்டுவிட்டார். "பாப்பாகிட்ட உண்மையச் சொன்னா அதையும் போய்க் கொட்டிடும். அது டில்லின்னே நெனைச்சிக்கினு இருக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். பெரியவர்கள் செய்த பெரிய தப்பு அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். குழந்தையிடம் பாதி மறைத்தால் மீதிப் பாதியை அது தானே நெய்துகொள்ளும்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறும்போதே நான் குல்லாவை மாட்டிக்கொண்டேன். கண்டக்டர் என்னைப் பார்த்து, "இன்னாமா, பல்வலியா?" என்றார். "டில்லிக்குப் போறோம்" என்றேன். அப்பா அவசரமாக ஆற்காட்டுக்கு டிக்கெட் கேட்டார். நான் அலட்டிக்கொள்ளவில்லை, அங்கே வண்டி மாறுவோம் என்று நினைத்தேன். காவேரிப்பாக்கத்து ஏரி கடல் மாதிரி நிறைந்து கிடந்தது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். அரக்கு நிறப் பட்டு கட்டியிருந்தாள். மல்லிகைப் பூவும் கம்பளியும் கலந்த ஒரு வாசனையோடு நான் அவள் மடியில் தூங்கிப்போனேன்.

எழுப்பியபோது ஆற்றங்கரை. ஒரே ஜனம். பாலாறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. வேர்க்கடலை வண்டி, பலூன்காரன், தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்த கிழவர்கள். ஒரு பக்கமாக, செங்கல்லும் சுண்ணாம்பும் தெரிய, புல் முளைத்த ஒரு வாசல் தனியாக நின்றது. இரண்டு பக்கமும் கோட்டை இல்லை, சுவர் இல்லை. மேலே ஒரு சின்ன அறை, ஏறிப்போகப் படிக்கட்டு. எங்கள் ஊர்க் கோபுர வாசலைப் பார்த்த கண்ணுக்கு அது பொம்மை மாதிரி இருந்தது.

அப்பா அங்கேயே நின்றுவிட்டார். ஆற்காட்டுத் தரகர் ஒரு அம்மாவோடும் ஒரு ஒல்லியான ஆளோடும் தூரத்தில் வந்துகொண்டிருந்தார். தரகர் சொல்லிக் கொடுத்திருந்த வசனத்தை அப்பா பதற்றத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "அடடே, நீங்களா? இன்னா இந்தப் பக்கம்?" அவர்களுக்கு அது கேட்கவே இல்லை. பக்கத்தில் கடலை தின்றுகொண்டிருந்த யாரோ ஒருவர், தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "சும்மா தண்ணி பாக்கதாங்க" என்றார். அவர்கள் கிட்டே வந்ததும் அப்பா அதே வசனத்தை மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.

அத்தையின் தோள் லேசாகக் குலுங்கியது. அம்மா அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

பெரியவர்கள் தற்செயலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா அத்தையை உச்சந்தலையிலிருந்து பாதம் வரை தற்செயலாகப் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. வண்டி மாறாமல் இங்கே என்ன பேச்சு?

"அப்பா, டில்லிக்கு எப்பப்பா போவோம்?"

அப்பா அவசரமாக ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். தரகர்தான், பாவம், உதவி செய்வதாக நினைத்து வாசலைக் காட்டினார். "இதான்மா டில்லி கேட்டு. வந்துட்டியே."

நான் வாசலைப் பார்த்தேன். புல்லைப் பார்த்தேன். வாசலுக்குள்ளே படுத்து அசை போட்டுக்கொண்டிருந்த எருமையைப் பார்த்தேன். பெரிய மந்திரி, ஸ்வெட்டர், முதல் பெஞ்சு எல்லாம் ஒரே நொடியில் போச்சு. "இதுவா டில்லி? எரும இருக்குது" என்று குல்லாவுக்குள்ளிருந்து கதறினேன்.

அவ்வளவுதான். மூக்கிலிருந்து விக்கல் வந்தது, அடுத்து மடை திறந்தது. அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பூ சரிய, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். ஆற்றில் நின்ற கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எருமைகூட எழுந்துவிட்டது. அம்மாவின் முகம் செத்துப்போனது. நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு இன்னும் சத்தமாக அழுதேன்.

அந்த ஒல்லி ஆள் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "யாருமா சொன்னது டில்லி இல்லன்னு? அந்தக் காலத்துல இந்த வாசல் வழியாதான் டில்லிக்குப் போற ரோடு. இந்தாண்ட நின்னா ஆற்காடு. அந்தாண்ட தாண்டிட்டா டில்லிக்குப் போற வழியில நிக்குற. வா, தாண்டிப் பாக்கலாம்" என்று கையை நீட்டினார்.

எருமை விட்டுப்போன இடத்தை ஒதுங்கிக் கடந்து இரண்டு பேரும் அந்தப் பக்கம் போனோம். அங்கே இருந்ததும் புல்தான், ஆனால் அழுகை நின்றுவிட்டது. "டில்லியில இப்ப வெயில் காலம், குல்லாவக் கழட்டு" என்றார். கழற்றியதும் நெற்றியில் காற்றுப் பட்ட சுகம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. திரும்பி ஓடி வந்து யார் கையிலோ குல்லாவைத் திணித்துவிட்டு அவர் வாங்கிக் கொடுத்த வேர்க்கடலையில் இறங்கினேன்.

அதற்குள் இந்தப் பக்கம் காரியம் முடிந்திருந்தது. "காஞ்சிபுரம் போனா காலாட்டிப் பொழைக்கலாம்னு சொல்வாங்க. உங்க வீட்டுல சிரிச்சே பொழைக்கலாம் போலருக்குது" என்றார் அந்த அம்மா. அப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று தரகரின் முகத்தைப் பார்த்தார். தரகர் தரையைப் பார்த்தார். "சரி, வரோம். சொல்லி அனுப்புறோம்" என்று அந்த அம்மா கும்பிட்டார்.

அத்தையின் சிரிப்பு பட்டென்று நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேல ஏறி ஒரு தரம் ஆத்தப் பாத்துட்டு வந்துடுறேன் அண்ணி" என்றாள். அம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. அத்தை தனியாகப் படியேறிப் போய், கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தாள்.

திரும்பி வருகிற வழியில்தான், "குல்லா எங்கடி?" என்று அம்மா கேட்டாள். தேடினோம், பையைக் கவிழ்த்தோம், சீட்டுக்கு அடியில் பார்த்தோம். இல்லை. அம்மா அன்றைக்கு வந்த மொத்தக் கோபத்தையும் சேர்த்து என் உச்சந்தலையில் ஒரு கொட்டு வைத்தாள். நங்கென்று சத்தம் வந்தது. எல்லாவற்றையும் கெடுத்தவள் நான்தான் என்று எனக்கே தோன்றிவிட்டதால் அழாமல் வாங்கிக்கொண்டேன்.

பொழுது சாய்வதற்குள் டில்லியிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்தது. ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்று சொல்வதற்காக அப்பா வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார், ஆனால் இறங்கியதும் பையைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அத்தைதான் முன்னால் வந்தாள்.

"டில்லி கேட்டு வரைக்கும் போய்ட்டு வந்துட்டோம் மாமா. குல்லா அங்க நின்னு போச்சு, மன்னிச்சிக்குங்க" என்று மிலிட்டரி மாமாவிடம் சொன்னாள்.

அவர் அத்தையை ஒரு நிமிஷம் பார்த்தார். "டில்லி கேட்டா" என்றார். ஊர் ஊராகச் சுற்றிய மனுஷர். அவருக்கு அந்தக் கணமே புரிந்திருக்கும். "அவ்ளோ தூரம் போனீங்களே, அதுவே பெரிசு. குல்லா போனா போவுது, உள்ள போங்க" என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார். அரிசி கடன் கேட்டு மறுநாள் ஒருவரும் வரவில்லை. என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அப்புறம் வந்த நாட்கள்தான் கஷ்டம். குழியில் ஊற்று வற்றித் தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. அத்தை நாடா போட்டாள், சாப்பிட்டாள், தூங்கினாள், சிரிக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தவளையைப் பிடித்துக்கொண்டு வந்து குழிக்குள் விட்டேன். "எடுத்து வெளிய விடுடி கண்ணு, நசுங்கிடும்" என்றாள், அவ்வளவுதான். என் வாயால்தான் அத்தையின் சிரிப்பு போனது என்று நினைத்து நினைத்து நான் ஏங்கிப்போனேன். அப்பா ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு, "நீ சிரிம்மா. இந்த எடம் இல்லன்னா போவட்டும்" என்றார். அத்தை, "இழ அறுந்திருக்குதுண்ணா, பாரு" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். அத்தையும் நானும் எங்கள் முனையில் நின்றுகொண்டிருந்தோம். தெருக்கோடியில் ஒரு ஆள் வந்து நின்று, பாவுக்கு மறுமுனையில் நின்றவர்களிடம் ஏதோ கேட்டது தெரிந்தது. கேட்ட கேள்வி ஆளைவிட வேகமாக எங்களிடம் வந்து சேர்ந்தது.

"டில்லிக்குப் போய்ட்டு வந்தவங்க வீடு எதுன்னு கேக்கறாரு."

அந்த ஒல்லி ஆள்தான். ஒரு கையில் ஆற்காட்டு மக்கன் பேடா மிட்டாய்ப் பெட்டி, மறு கையில் பச்சைக் குல்லா. தரகரிடம் கேட்டால் தன் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று, அட்ரஸ் இல்லாமலே பிள்ளையார்பாளையத்துக்கு வந்துவிட்டார். வேர்க்கடலை தின்றபோது தெரு எங்களை டில்லிக்கு வழியனுப்பிய கதையை அவரிடம் கொட்டியிருந்தேனே, என் வாய் போட்ட அந்த அட்ரஸ் அவருக்குப் போதுமானதாக இருந்தது. தெருவே அவருக்கு வழிகாட்டிக்கொண்டு கூட வந்தது.

மிலிட்டரி மாமா குல்லாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எங்க கெடைச்சுதுபா?" என்றார், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

"டில்லி கேட்டாண்டதாங்க."

"டில்லியில குளிரு எப்படி?"

"இந்தக் குல்லாவுக்குத் தாங்குதுங்க."

என் பக்கத்தில் ஒரு தோள் குலுங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். விக்கல் வந்தது. தெரு முழுக்கப் பாவைப் பிடித்துக்கொண்டு நிற்க, அத்தை சிரித்தாள். இழைகள் அதிர்ந்து எத்தனையோ அறுந்தன, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

உள்ளே கூட்டிப் போனதும் அவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னார். "எங்க வீட்டுல எல்லாரும் மெதுவாப் பேசுவோம். எங்கப்பா போனதுலருந்து சத்தமாப் பேசறது அம்மாவுக்கு ஆவாது. ஆனா அன்னிக்கு வீட்டுக்கு வந்து, 'அந்த எரும எழுந்துக்கினுச்சே'ன்னு சொல்லி அவங்களே சிரிச்சிட்டாங்க. கொஞ்சம் டைம் குடுங்க, நானே கூட்டிக்கினு வரேன்." தை மாதம் கல்யாணம். அத்தையின் சிரிப்பு எனக்குத் திரும்பி வந்தது, ஆனால் அதை அவர் கையோடு ஆற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாடா போட அம்மா வந்து உட்கார்ந்தாள். முதல் புடவையில் கரை கொஞ்சம் கோணியது.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பாலாற்றில் தண்ணீர் வந்திருக்கிறது என்று டிவியில் காட்டினார்கள். அத்தையையும், அந்த ஒல்லி மாமாவையும் பார்த்து நாளாயிற்று என்று நானும் கிளம்பிப் போனேன். மூன்று பேரும் ஆட்டோ வைத்துக்கொண்டு டில்லி கேட்டுக்குப் போனோம். சுற்றிலும் கம்பி வேலி, ஒரு அறிவிப்புப் பலகை. படியில் யாரையும் ஏறவிடுவதில்லை. எருமை இருந்த இடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா வேலியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கைத்தடியை உயர்த்தி மேலே இருந்த ஜன்னலைக் காட்டினாள்.

"அங்கதான் வெச்சேன்."

"எத அத்த?"

"குல்லாவத்தான்."

நான் ஜன்னலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். "அப்போ நான் தொலைக்கலியா?"

"நீ எங்கடி தொலைச்ச. என் கையிலதான குடுத்துட்டு கடல தின்னப் போன."

என் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. இத்தனை வருஷமாகச் சாவி காணோம், கண்ணாடி காணோம் என்று யார் சொன்னாலும், மங்கி குல்லாவைத் தொலைத்தவள்தானே என்று வீட்டில் என்னைத்தான் பார்ப்பார்கள்.

"அன்னிக்குப் பொண்ணு பாக்கறதுன்னு உனுக்குத் தெரியுமா அத்த?"

"தண்ணி பாக்கறதுக்கு யாராச்சும் அரக்குப் பட்டு கட்டச் சொல்வாங்களா? நீ டில்லின்னு ஊரக் கூட்டினதும் நல்லதாப் போச்சுன்னு நெனைச்சேன். தட்டிப் போனாலும் தெருவுக்குத் தெரியாது பாரு. ஆனா இவுரு உன்னக் கையப் புடிச்சு அந்தாண்ட கூட்டிக்கினு போனாரா, எனக்குத் தட்டிப் போவக் கூடாதுன்னு ஆயிடுச்சு. அந்தம்மா சொல்லி அனுப்புறோம்னுட்டாங்க. நான் வாயத் தொறந்து கேக்கவா முடியும்? எதனா ஒண்ணு வெச்சிட்டுப் போனா, வரவன் எடுத்துக்கினு வருவான்னு வெச்சேன். யாருக்கும் தெரியாது. இவுருக்கே தெரியாது."

ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா திரும்பாமலே சொன்னார். "கீழருந்து பாத்துக்கினுதான் இருந்தேன்."

அத்தையின் கைத்தடி தரைக்கு வந்தது. "இன்னாது?"

"வெச்சிட்டு ரெண்டு தரம் திரும்பிப் பாத்த. மறந்துட்டுப் போறவங்க திரும்பிப் பாக்க மாட்டாங்க. அதான் எடுத்துக்கினு வந்தேன்."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே" என்றார் மாமா. "டில்லி கேட்டாண்ட வந்துதான் கேப்பேன்னா நான் இன்னா பண்றது?"

அத்தை அவரையே பார்த்தாள். எண்பதை நெருங்குகிற முகம், அதில் வெட்கம் வந்ததை நான் பார்த்தேன். தோள் குலுங்க ஆரம்பித்தது. படம் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் போனைக் கீழே இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். மாமா கைத்தடியை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டார். அது முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.